கை சொல்லாத இடம்

அவளுக்குக் கிளி என்று பேர் வைத்தது தெருக்காரர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதிலேயே அவள் பால்காரர் சொன்னதை அம்மாவுக்குக் கையால் சொல்வாள்; அம்மா கையால் சொன்னதைப் பால்காரருக்கு வாயால் சொல்வாள். "சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை" என்று யாரோ ஒருத்தர் சிரிக்கப்போக, பேர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப்பார்த்த பிறகும் அவள் கிளிதான்.

பிழைப்பும் அதுவாகவே அமைந்துவிட்டது. நீதிமன்றம், ஆஸ்பத்திரி, வேலைக்கான நேர்காணல் என்று காது கேளாதவர் யார் போய் நின்றாலும் பக்கத்தில் சைகை மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். கிளி கறுப்பு அல்லது கருநீலத்தில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போவாள். வளையல், மோதிரம் எதுவும் கிடையாது. கை மட்டும்தான் தெரிய வேண்டும். தொழிலில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம்: சேர்க்கக் கூடாது, குறைக்கக் கூடாது, எந்தப் பக்கமும் சாயக் கூடாது. கணவன் மனைவியைத் திட்டினால் அதே சூட்டோடு திட்ட வேண்டும். மனைவி திரும்பத் திட்டினால் அதற்கும் அதே சூடு. கிளியின் கையில் பட்டு எந்தச் சொல்லும் ஆறிப்போனதில்லை என்று அந்த வட்டாரத்தில் பேர்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. இயற்பியல் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்த ஒரு மாணவிக்குக் காது கேட்காது. ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு சொற்பொழிவு. தலைப்பு, "கணக்கு சரி, அர்த்தம் என்ன?"

"என்ன கணக்கு மேடம்?" என்று கிளி பேராசிரியையிடம் போனில் கேட்டாள்.

"குவாண்டம். அணு, ஒளி மாதிரி ரொம்பச் சின்ன விஷயங்களோட கணக்கு. நூறு வருஷமா ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. ஆனா அது உலகத்தைப் பத்தி என்ன சொல்லுதுன்னு கேட்டா, நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அந்த நாலு பேரும் நானே" என்றார் பேராசிரியை. "ஆறு வாரமும் ஒவ்வொரு பக்கமா நின்னு வாதாடப் போறேன். உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்."

கிளிக்குப் பயம் வரவில்லை. கொலை வழக்கில் இரண்டு தரப்பு வக்கீலுக்கும் கை கொடுத்தவள் அவள். இது என்ன பிரமாதம் என்று நினைத்தாள்.

முதல் வாரமே மூக்கு உடைந்தது.

பேராசிரியை ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம். சாக்பீஸைச் சிகரெட் மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி மடமடவென்று பேசுவார். கரும்பலகையில் ஒரு சுவரை வரைந்தார். சுவரில் இரண்டு பிளவு. பின்னால் ஒரு திரை. "ஒளியை ஒவ்வொரு துகளா அனுப்பறோம். ஒண்ணு போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்தது. திரையில ஒவ்வொண்ணும் ஒரே ஒரு புள்ளியா விழுது. ஆனா ஆயிரக்கணக்கில புள்ளி சேர்ந்ததும் வரி வரியா ஒரு கோலம் வருது. ஒரு பிளவை மூடினா அந்த வரி போயிடுது. அப்போ, தனியா வந்த ஒரு துகள், இன்னொரு பிளவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்குச்சு? ரெண்டு வழியாவும் போச்சுன்னு சிலர் சொல்லுவாங்க."

கிளி இடது கையின் விரல்களை விரித்துச் சுவராக்கினாள். வலது சுட்டுவிரல் துகள். அது சுவரை நெருங்கியதும் நடுவிரலும் சேர்ந்துகொள்ள, இரண்டு விரலும் இரண்டு இடைவெளியில் நுழைந்து அந்தப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்தன. நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கே திருப்தி.

வகுப்பு முடிந்ததும் மாணவி அவளிடம் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், ஒல்லி. புருவத்தைத் தூக்கினால் அதுவே பாதிக் கேள்வி.

"அக்கா, நீங்க ஒரு கட்சியில சேர்ந்துட்டீங்க" என்று கையால் சொன்னாள்.

"நானா? எந்தக் கட்சி?"

"உங்க கையில துகள் ரெண்டா பிரிஞ்சுது. அப்படிப் பாதித் துகளை இதுவரைக்கும் யாரும் பிடிச்சதில்ல. எங்க வெச்சுப் பிடிச்சாலும் முழுசா ஒண்ணுதான் மாட்டும்."

கிளி யோசித்தாள். ஐந்து விரலையும் விரித்து அலை மாதிரி நெளித்துக் கொண்டுபோய், திரையில் ஒரே விரல் நுனியாகக் குவித்துக் காட்டினாள்.

மாணவி உதட்டைப் பிதுக்கினாள். "இது இன்னொரு கட்சி. அலை இருந்துச்சு, பட்டுனு சுருங்கிப் புள்ளியாச்சுன்னு சொல்றவங்க. மேடம் அவங்க பக்கம் அடுத்த வாரம்தான் பேசுவாங்க."

அலையைக் கலைக்காமல் அதன்மேல் சுட்டுவிரலை மிதக்க விட்டு, ஒரு பிளவு வழியாகக் கூட்டிப்போனாள் கிளி.

"இது மூணாவது கட்சி."

இருவரும் காலி வகுப்பறையில் அரைமணி நேரம் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். பெருக்க வந்த பெண்மணி வாசலிலேயே துடைப்பத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார். வாயால் பேசுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. "போச்சு" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நழுவிவிடலாம். எப்படிப் போச்சு, எந்தப் பக்கமாகப் போச்சு என்று வாய் காட்ட வேண்டியதில்லை. கைக்கு அந்த வசதி கிடையாது. கை ஒரு வழியாகத்தான் போக முடியும். காட்டாமல் சொல்ல அதற்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, அது இந்த மாடியிலயும் இல்ல, அந்த மாடியிலயும் இல்ல, நடுவுலயும் இல்ல?"

"ஆமா."

"எங்க தொழில்ல அதுக்குப் பேரு ரிப்பேர். உங்க மேடம் பாடமா நடத்தறாங்களா?"

அம்மாவுக்கும் சிரிப்பைக் கைமாற்றிக் கொடுத்தாள். அப்பா போனதிலிருந்து அம்மா அவளோடுதான். எழுபது வயதாகியும் ஜன்னலோரத் தையல் மிஷினை விட்டு எழுந்ததில்லை. மாப்பிள்ளையின் நகைச்சுவைக்கு அம்மா தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, மறுபடி ஊசியில் கண்ணை வைத்தாள்.

இரண்டாவது வாரம் முடிந்ததும் மாணவி ஒரு வழி சொன்னாள். "அக்கா, புறப்பட்ட இடத்தைக் காட்டுங்க. விழுந்த புள்ளியைக் காட்டுங்க. நடுவுல கையை இறக்கிடுங்க."

"கையை இறக்கறதா? சைகையில அது வாயை மூடற மாதிரி இல்ல?"

"ஆமா. வாயை மூடுங்க."

மூன்றாவது வாரம் பேராசிரியை, "துகள் புறப்படுது. அப்புறம் திரையில விழுது. இதுக்கு நடுவுல" என்று இழுத்தபோது, கிளி இரண்டு கையையும் மெல்ல இறக்கித் தொடையோடு வைத்துக்கொண்டாள். பேராசிரியைக்கு ஓரக்கண்ணில் அது தெரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தித் திரும்பினார்.

"புரியலையா? வேணும்னா இன்னொரு தடவை சொல்லட்டுமா?"

"புரிஞ்சுது மேடம். அதான் கையை இறக்கினேன்."

பேராசிரியை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். வகுப்பில் முப்பது பேர் இருந்தார்கள். அவர் கிளியின் கைகளையே பார்த்தார். "முப்பது வருஷமா இந்த இடத்துல நான் ஏதாவது ஒரு வார்த்தையைப் போட்டு நிரப்பிட்டுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கிளியை அவர் "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கிளிக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாவது வாரம்தான் அது நடந்தது.

அன்றைய பாடம் இன்னும் விசித்திரம். "மூடின அறை ஒண்ணு. காத்து, வெளிச்சம், சத்தம் எதுவும் உள்ளேருந்து வெளிய வராது. உள்ள ஒரு ஆள். அவர் துகளைச் சோதிச்சுப் பாத்துட்டார். இடமா வலமான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. கதவுக்கு வெளிய இன்னொரு ஆள் உக்காந்திருக்கார். உள்ள இருக்கறவருக்கு அது முடிஞ்சுபோன விஷயம். ஆனா வெளிய இருக்கறவர் கணக்குப் போட்டா, துகளும் அதைப் பாத்த ஆளும் சேர்ந்து இன்னும் முடிவாகாம நிக்கறாங்க. ரெண்டு கணக்குலயும் பிழை இல்ல."

சைகையில் இரண்டு ஆளைக் காட்ட உடம்பையே திருப்ப வேண்டும். கிளி வலப்பக்கம் திரும்பி உள்ளே இருக்கிறவராக நின்றாள். தெரிந்துபோயிற்று என்று நெற்றியைத் தொட்டாள். பிறகு இடப்பக்கம் திரும்பி வெளியே உட்கார்ந்திருக்கிறவராக ஆனாள். காத்திருக்கிறேன், எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று கை சொன்னது. அந்த இடப்பக்கத்தில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி பெஞ்சில், மடியில் சாப்பாட்டு டப்பாவோடு.

கை நின்றுவிட்டது. கொலை வழக்கில் நிற்காத கை.

பேராசிரியை கெட்டிக்காரி. "பத்து நிமிஷம் டீ" என்று வகுப்பைக் கலைத்துவிட்டார். மாணவி கிளியைக் கூட்டிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்காரவைத்தாள். கிளியின் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவைதான் பேச ஆரம்பித்தன.

"எனக்குப் பதினாறு வயசு. அப்பாவுக்கு வேலை செய்யற இடத்துல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வெளிய வந்து, அம்மாவுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சதும் என்னைத் தனியா கூப்பிட்டார். போயிட்டார்மா, அம்மாகிட்ட சொல்லிடுன்னார். நான் தாழ்வாரத்துல நடந்து வந்தேன். அம்மா பெஞ்சுல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பா சாப்பிட்டாரான்னு கேட்டாங்க."

"நீங்க?"

"சாப்பிட்டார்னு சொன்னேன். ரெண்டு மணி நேரம் சொல்லல. நீங்களும் சாப்பிடுங்கன்னு சொல்லி அந்த டப்பாவைத் திறந்து அவங்களைச் சாப்பிட வெச்சேன். என் கை சொல்ற வரைக்கும் அப்பா இருந்தார். நான் கையைத் தூக்கினேன், அவர் செத்துட்டார். அப்படித்தான் எனக்கு இத்தனை வருஷமும். இன்னைக்கு மேடம் அதையே பாடமா சொன்னதும்..."

மாணவி சட்டென்று கிளியின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். சைகை தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். அது வாயைப் பொத்துவது மாதிரி.

"இல்ல அக்கா. அது இது இல்ல" என்றாள். "ரெண்டையும் குழப்பிக்காதீங்க. ஆஸ்பத்திரிக் கதவு மேடம் சொன்ன கதவு இல்ல. அது வழியா காத்து போச்சு, வெளிச்சம் போச்சு, நர்ஸ் போனாங்க. உங்க அப்பா இறந்ததை அந்த ரூம்ல இருந்த ஒவ்வொரு அணுவும் அப்பவே வெளிய சொல்லியாச்சு. உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. உங்க அம்மாவுக்குத் தெரியல, அவ்வளவுதான். அதுக்குப் பேரு தெரியாமை. மேடம் சொன்னது தெரியாமை இல்ல. அங்க தெரிஞ்சுக்கறதுக்கு எதுவுமே இன்னும் இல்ல."

கிளி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள்.

"உங்க அப்பா போனது உங்க கையில இல்ல" என்றாள் மாணவி.

வாயால் சொன்னால் அது எல்லோரும் சொல்லும் வார்த்தை. கையால் சொன்னபோது அவள் கிளியின் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அதில் ஒன்றுமில்லை என்று காட்டினாள். வெறும் கை. ரேகைதான் இருந்தது. ஆறுதல் சொல்லவில்லை அந்தப் பெண். கணக்கில் இருந்த பிழையைத் திருத்தினாள். அதனால்தானோ என்னவோ, கிளியால் அதை நம்ப முடிந்தது. படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய் மீதிப் பாடத்தையும் சொல்லி முடித்தாள்.

"அப்போ அந்த இன்னொண்ணு எப்படி இருக்கும்?" என்று வகுப்பு முடிந்து வெளியே வரும்போது கேட்டாள். "தெரிஞ்சுக்க எதுவுமே இல்லாத அது?"

"வாங்க, காட்டறேன்."

ஆய்வகம் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னலில்லாத சின்ன அறை, கறுப்புத் திரை, இரும்பு மேஜை. மேஜைமேல் ஒரு விரல் நீளத்துக்கு லேசர். அதன் முன்னால் வரிசையாகப் புகைக் கண்ணாடிகள்: ஒளியை ஒரு நேரத்தில் ஒரு துகளுக்குமேல் இருக்காத அளவுக்கு மங்கவைக்க. அப்புறம் இரண்டு பிளவு உள்ள ஒரு தகடு, ஒரு கேமரா, ஒரு கணினித் திரை. பிளவுகள் கண்ணுக்கே தெரியவில்லை.

"விளக்கை அணைக்கணும்" என்றாள் மாணவி. "அணைச்சா நம்ம பேச்சும் அணைஞ்சிடும். கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம். அதுக்கப்புறம் ஒரு மாத்தம் செய்வேன், இன்னொரு இருபது நிமிஷம்."

விளக்கு அணைந்தது. கணினித் திரையின் மங்கல் மட்டும் இருந்தது, கை தெரியாத மங்கல். திரையில் ஒரு புள்ளி தோன்றியது. எங்கோ இடது மூலையில் இன்னொன்று. அப்புறம் நடுவில். ஒழுங்கே இல்லை. மழை ஆரம்பிக்கும்போது சிமெண்ட் தரையில் விழுகிற முதல் துளிகள் மாதிரி இருந்தது. கிளி எண்ணிப் பார்த்தாள், விட்டுவிட்டாள். ஒவ்வொன்றும் தனி. ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்த்ததில்லை. முன்னால் போனது எங்கே விழுந்தது என்று பின்னால் வந்ததற்குச் சொல்ல ஆளில்லை.

எட்டாவது நிமிடமோ பத்தாவது நிமிடமோ, அவளுக்குக் கண் ஏமாற்றுகிறதோ என்று தோன்றியது. சில இடங்களில் மட்டும் புள்ளி விழவே இல்லை. செங்குத்தாக இருட்டுப் பட்டைகள். பக்கத்தில் நெருக்கமான புள்ளிகள். மறுபடி இருட்டு. இருபது நிமிடத்தில் வரிகள் பளிச்சென்று நின்றன, சீப்பால் வாரிவிட்ட மாதிரி.

கிளிக்குக் கைமயிர் சிலிர்த்தது. படத்தில் பார்த்திருந்தாள், நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். கண் முன்னால் அது நடக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

மாணவி இருட்டில் எழுந்து தகட்டில் எதையோ செருகினாள். திரையில் இருந்த புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். கிளியின் உள்ளங்கையை எடுத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: அ, டை, யா, ள, ம். இரண்டு பிளவிலும், ஒளியை நெடுக்காக ஒன்றும் குறுக்காக ஒன்றும் அதிரவிடும் இரண்டு விதமான கண்ணாடித்தாள் வைத்திருக்கிறாள். எந்த வழியாக வந்தது என்ற அடையாளம் இனி ஒவ்வொரு துகள்மேலும் ஒட்டியிருக்கும். அது வகுப்பில் சொன்னதுதான்.

மறுபடி மழை. பத்து நிமிடம். பதினைந்து. வரி வரவில்லை. இருபதாவது நிமிடத்தில் திரையில் இருந்தது மாவு கொட்டின மாதிரி ஒரு மொத்தை. இருட்டுப் பட்டை ஒன்றுகூட இல்லை.

விளக்கு எரிந்ததும் கிளியின் கை முந்திக்கொண்டது. "அந்த அடையாளத்தை யாரு பாத்தா? நீ பாத்தியா?"

"யாரும் பாக்கல. கேமராவுக்கு அதைப் படிக்கவே தெரியாது. படிக்க முடியும்னு இருந்தாலே போதும், வரி போயிடும்."

"யாரும் கேக்கலேன்னாலும்?"

"யாரும் கேக்கலேன்னாலும். சொல்ல முடியும்னு ஆன உடனே, அது வேற மாதிரி நடக்குது."

கிளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வயதிலிருந்து அவளுக்கு ஒன்று தெரியும்: முதலில் நடக்கும், பிறகு சொல்லப்படும். நடந்தது ஒரு பக்கம், சேதி இன்னொரு பக்கம், நடுவில் கிளி. அப்பாவின் சாவு அப்படித்தான் நடந்தது என்று இப்போது சந்தேகமில்லாமல் புரிந்துவிட்டது. ஆனால் இந்த மேஜைமேல், கண்ணுக்குத் தெரியாத இந்தக் கீறலுக்குள், நடப்பதும் சொல்ல முடிவதும் தனித்தனியாக இல்லை. இதே ஒளிதான் வெளியே தெருவில் கொட்டிக் கிடக்கிறது. இதே ஒளியில்தான் அவள் அம்மாவின் கையைப் படித்து வளர்ந்தாள்.

படியேறி வெளியே வந்தபோது பிற்பகல் வெயில். பஸ் நிறுத்தத்தில் தகரக் கூரையின் நிழல் தரையில் விழுந்திருந்தது. அவள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். நிழலின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னாள். தையல் மிஷினை நிறுத்தச் சொல்லி, எதிரே உட்கார்ந்து, அந்த இரண்டு மணி நேரத்தையும் மாணவி படியில் சொன்னதையும் முழுசாகச் சொன்னாள். சேர்க்கவில்லை, குறைக்கவில்லை.

அம்மா கடைசிவரை பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காது கேளாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கதவைச் சாத்தித் தாழ் போட்ட மாதிரி. கூப்பிட முடியாது, கெஞ்ச முடியாது. மூன்று நாள் அம்மா அவள் பக்கம் பார்க்கவில்லை. சாப்பிட்டாள், தைத்தாள், தூங்கினாள். மாப்பிள்ளை தனக்குத் தெரிந்த அரைகுறைச் சைகையில் சமாதானம் பேசப்போய், "உங்க பொண்ணு நல்ல பூசணிக்காய்" என்று சொல்லிவைத்தார். அதற்குக்கூட அத்தை சிரிக்கவில்லை.

நாலாம் நாள் காலை கிளி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது தோளில் தட்டல் விழுந்தது.

"அன்னைக்கு உனக்கு என்ன வயசு?" என்றாள் அம்மா.

"பதினாறு."

"நான் சாப்பிட்டேனே, நீ சாப்பிட்டியா?"

கிளி இல்லை என்று தலையாட்டினாள்.

"ஒரு சின்னப் பொண்ணுகிட்ட அந்தச் சேதியைக் கொடுத்து அனுப்பினான் பாரு, அந்த டாக்டர். ஒரு காகிதத்துல எழுதி என்கிட்டயே காட்டியிருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியும்." அம்மாவின் கை கோபத்தில் காற்றை வெட்டியது. "யார்மேல கோபப்படறதுன்னு தெரியவே எனக்கு மூணு நாள் ஆச்சு."

ஈரக் கையோடு கிளி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மா கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தள்ளி நிறுத்தினாள். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா? உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சுன்னா? மறுபடி சொல்லு."

கிளி மறுபடி சொன்னாள். துகள், பிளவு, அடையாளம் எல்லாவற்றையும். பாத்திரம் அப்படியே கிடந்தது.

ஆறாவது வாரம் முடிந்ததும் துறையில் ஒரு நாள் ஆய்வகங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். புருஷன் விடுப்பு எடுத்துக்கொண்டு அத்தையைக் கூட்டிவந்தார். வந்ததும் அந்தக் கட்டிடத்து லிஃப்டின் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்து, படிவழியாகவே இறங்கச் சொன்னார். அடித்தளத்து அறையில் அன்று சோதனைச் சாமான்களை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்ததால் விளக்கு எரிந்தது. பேச முடிந்தது.

அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஐம்பது வருடம் ஊசிக்காதைப் பார்த்த கண். மற்றவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். அம்மா நகரவில்லை. யாருக்கும் எதுவும் தெரியாத ஐந்தாவது நிமிடத்திலேயே திரையில் நாலு இடத்தில் விரலை வைத்து, "இங்கெல்லாம் விழல" என்றாள். மாணவி குனிந்து பார்த்துவிட்டு, ஆமாம் என்று கண்ணை அகலமாக்கினாள்.

"அடுத்தது எங்க விழும்?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியாது பாட்டி" என்றாள் மாணவி.

"உனக்குத் தெரியாதா, இவங்களுக்குத் தெரியாதா?" அம்மா பேராசிரியையைக் காட்டினாள்.

கிளி அதை வாயால் சொன்னாள். பேராசிரியை அம்மாவின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் தெரியாது அம்மா. யாருக்குமே தெரியாது. அந்த ஒளிக்கே தெரியுமான்னு கேட்டா, அதுலதான் எங்களுக்குள்ள சண்டை. ஆனா எங்கெல்லாம் விழாதுன்னு இம்மி பிசகாம சொல்லுவேன்."

அம்மா அதை யோசித்தாள். பிறகு திரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். புள்ளி வேறெங்கோ விழுந்தது. வேறு இடத்தில் வைத்தாள். தப்பு. மறுபடி தப்பு. ஒவ்வொரு தடவை தப்பும்போதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அவளே கேட்டிராத அவளுடைய சிரிப்பு. மாணவியும் விரலை வைத்தாள். தப்பு. பேராசிரியையும் வைத்தார்.

"அத்தை, நகருங்க, நான் ஒரு தடவை" என்று மாப்பிள்ளை அவள் தோளைத் தட்டிக் கையால் கேட்டு எட்டிப்பார்த்தார்.

அம்மா நகரவில்லை. கை உயர்த்தி, பொறு என்றாள். அடுத்தது வரப்போகிறது.